தண்டனையும் அருளும்: குற்றவியல் நீதி கற்க முனைவோர் முன் நிற்கும் வினா

விழுப்புரத்தில் 2017-இல் அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டபின், அவ்வூரையும் திண்டிவனத்தையும் சார்ந்த இளைஞர்க்குச் சட்டக் கல்வி அருகில் வந்தது. எனினும், காவல், நீதிமன்றம், சிறை ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பாகக் கண்டு ஆராயும் குற்றவியல் நீதி நிர்வாகத்தில் முதுகலை பயில விரும்புவோர், சென்னைப் பல்கலைக்கழகத்துக்கோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பிக்கின்றனர். அவ்விண்ணப்பத்துக்கு முன்னரே எழும் அறவினா ஒன்று உண்டு: தண்டிப்பது அறமா, மன்னிப்பது அறமா?

இவ்வினாவுக்கு விடை தேடப் பழங்கதைகள் இரண்டு உதவும். முன்னர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார், அடியவர் வேடத்தில் வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை, மெய்க்காவலன் தத்தன் வெட்ட முனைந்தபோது தடுத்து, ஊர் எல்லைவரை தீங்கின்றிக் கொண்டுவிடப் பணித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அதே நூலில், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனும் இடம்பெறுகிறான். முன்னவர் தமக்கு நேர்ந்த தீங்கைப் பொறுத்தார். பின்னவனோ பிறர்க்கு நேர்ந்த தீங்கைப் பொறுக்கவில்லை. ஆகவே இவை முரண்கள் அல்ல. தன் துன்பத்தை மன்னிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு, பிறர் துன்பத்தை மன்னிக்கும் உரிமை ஆள்வோர்க்கு இல்லை என்பதே இரண்டும் சேர்ந்து உணர்த்தும் நெறியாகும்.

இன்றைய சட்டத்திலும் இவ்வறவினாவின் சாயலைக் காணலாம். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டம், சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சமூக சேவையைத் தண்டனையாகச் சேர்த்திருப்பது, தண்டனைக்குள்ளேயே திருத்தத்துக்கு இடம் தருகிறது. இத்துறையை நாடும் மாணவர், பட்டத்தோடு தண்டித்தல், மன்னித்தல் என்னும் இவ்விரு அறங்களையும் ஒருசேரத் தாங்கும் உள்ளத்தையும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.