நோய் கேட்குமோ குடியுரிமைச் சீட்டு?

காசநோய்க் கிருமி கடவுச்சீட்டைக் காட்டச் சொல்லியா நெஞ்சில் குடியேறுகிறது? சட்டமன்றோ கேட்கிறது! அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டம், ஆவணமற்ற குடியேறிகள் அதன் சந்தையில் காசு கொடுத்தும் காப்பீடு வாங்க இயலாதென விலக்கிவிட்டது.

நியூயார்க்கில், ஸ்பானிய மொழியினர் செறிந்த கிழக்கு ஹார்லெமில், மவுண்ட் சினாய் மருத்துவ மாணவர்கள் 2004இல் காப்பீடற்றோர்க்கென இலவச மருத்துவ நிலையம் தொடங்கினர். தேர்ந்த மருத்துவர் மேற்பார்க்க, மாணவர் நோயாளியைக் கவனிக்கும் ஏற்பாடு. கருணையெனக் கைதட்டுவோர் உளர். செல்வன் தேர்ந்தவரிடம், ஏழை பயில்பவரிடமா எனக் கேட்போரும் உளர், நேர்மையான கேள்விதான்! அதை மாணவர்மேல் வீசுவானேன்? கதவடைத்த சட்டத்தையன்றோ கேட்கவேண்டும்!

சீட்டு இருந்தால் மட்டும் போதுமோ? அதே வட்டாரத்தில் 1970இல், குடியுரிமை பெற்றிருந்த புவெர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள், 'யங் லார்ட்ஸ்' அணியினர், காசநோய் எக்ஸ்ரே வண்டியையே கைப்பற்றித் தம் தெருவில் நிறுத்தி மக்களைச் சோதிக்கச் செய்தனர். கைப்பற்றியது குற்றமென்றால், அவ்வண்டி தானாக வாராதிருந்ததற்குப் பெயரென்ன, தோழர்களே?