கண்ணை மூடச் சொல்பவர்

'கண்களை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்.' 2020இன் கொரோனா முடக்கத்துக்குப் பின் இந்தக் குரல் கைப்பேசித் திரை வழியே நம் வீடுகளுக்குள்ளும் கேட்கிறது. 1979இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜோன் கபட்-சின் தொடங்கிய எட்டு வார மனஅழுத்தத் தணிப்புப் பயிற்சியே இதன் ஊற்று. அதில் ஓர் உலர்திராட்சையை மிக நிதானமாக மெல்லச் செய்வார்கள். (நோன்பு திறக்கும் முதல் பேரீச்சம்பழத்தை அறிந்தவர்களுக்கு இது அப்படியொன்றும் புதிதல்ல.) பௌத்த தியானத்திலிருந்து வந்ததென்று தயங்குவோர் உளர். என் தயக்கம் வேறு.

1990 ஆகஸ்டில் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட இரவைக் கண்டவர் கண்ணை மூடினால், தெரிவது மூச்சுத்தானா? வகுப்பறையில் ஒரு பிள்ளையின் முகம் வாடினால் அருகே போய் நிற்பேன். திரையின் இருபது சதுரங்களில் ஒன்று இருண்டால், டேட்டா தீர்ந்ததென்றே பயிற்றுநர் எண்ணுவார். அங்கே ஒருவர் அழுதுகொண்டிருக்கலாம்.

வீட்டைவிட்டு வெளியேற முடியாத பெண்ணுக்கு வீடியோ வகுப்பே வழி, அதை மறுக்கவில்லை. ஆனால், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரிக்காமல், கண்ணைத் திறந்தபடியும் இருக்கலாம் என்று சொல்லாமல் பாடம் நடத்துபவர் வாங்கும் கட்டணம் எவ்வகையில் ஹலாலாகும்?