தோன்றாமையும் இன்மையும்

ஒரு பொருள் தோன்றாதிருப்பதைக் கொண்டே அது இல்லையென்று துணியலாமா என்னும் வினா, இன்மையறிவைத் தனி அளவையாகக் கொண்ட பாட்ட மீமாஞ்சகர் முதல் சைவ சித்தாந்திகள் வரை பலரையும் ஈர்த்ததாகும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், மெய்யறிவைத் தரும் கருவிகளாகிய அளவைகள் பலவாக எண்ணப்படுவதைச் சுட்டி, இன்மையறிவு உட்பட அனைத்தையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் அந்நூலுக்கு உரை கண்டவராதலால் ஈழத்துச் சைவ மரபுக்கும் இவ்வாதம் அயலானதன்று.

அதே வினா இன்று கதிரியல் வைத்தியரின் திரையில் எழுகிறது. நாளக்குடாக்கள் என்பன மூளையைப் போர்த்தும் தடித்த உறையின் மடிப்புகளுக்குள் அமைந்து, மூளையின் இரத்தத்தை வெளியே வடிக்கும் வழிகளாகும். கிளிநொச்சியில் பிள்ளைபெற்ற சில நாட்களில் விடாத தலையிடியோடும் மங்கிய பார்வையோடும் வரும் தாயொருத்திக்கு, அவற்றில் இரத்தம் கட்டியதோ என்று ஐயுறுவது முறையே. ஆனால் இரத்த ஓட்டத்தைப் பதியும் எம்.ஆர். படத்தில் ஒரு பக்கக் குறுக்குக் குடா விடுபட்டிருப்பின், காட்சி தருவது ஓட்டம் தெரியவில்லை என்னும் அறிவு மட்டுமே. அடைப்போ, பிறவி ஒடுக்கமோ, மெதுவான ஓட்டமோ அதற்குக் காரணமாகலாம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இயல்பான எம்.ஆர். படங்களைக் கொண்ட 100 பேரில் 31 பேரிடம் இத்தகைய இடைவெளிகளைக் கண்டது.

இங்கே கருதல், அதாவது அனுமானம், என்னும் அளவை வேண்டப்படுகிறது. குடா பதிந்துள்ள எலும்புப் பள்ளமும், இரத்தம் கழுத்துக்கு இறங்கும் மண்டையோட்டுத் துளையும் அதே பக்கத்தில் சிறுத்திருப்பின் குடா பிறவியிலேயே சிறியது எனலாம். நேற்றுக் கட்டிய இரத்தம் எலும்பைச் சுருக்காதன்றோ! எனினும் ஒடுங்கிய குடாவிலும் இரத்தம் கட்டக்கூடும் என்பதை மறக்கும் அனுமானம் திரிபாகிவிடும். குடாவினுள் வட்டமாக, ஓரம் தெளிந்து தெரியும் சிறு குறையோ, 1705இல் உடற்கூற்றியலாளர் பாக்கியோனி விவரித்த சிலந்திப்படல மணியாகலாம். மூளையைச் சூழ்ந்த பாய்பொருளை இரத்தத்தில் சேர்க்கும் அவ்வியல்பான அமைப்பு, படத்திலும் பெரும்பாலும் அப்பாய்பொருளையே ஒத்துத் தோன்ற, இரத்தக்கட்டி பெரும்பாலும் நீண்டு குடாவை நிரப்பி, சிலவேளை அதை விரிக்கவும் செய்யும். உடல் நீரிழந்து இரத்தம் செறிந்தால், கட்டி இல்லாமலே சீ.ரீ. படத்தில் குடா வெண்மையாகத் தெரியலாம் என்பதும் வறண்ட வன்னியில் நினைக்கத்தக்கது.

திரையைத் தாமே படிக்க இயலாத நோயாளிக்கும் உறவினர்க்கும் எஞ்சுவது உரை, அதாவது நம்பத்தக்கவர் கூற்று. இல்லாத கட்டிக்கு உறைவெதிர்ப்பு மருந்து கொடுத்தால் வீணே இரத்தம் கசியலாம். உள்ள கட்டியைத் தவறவிட்டால் உயிரே போகலாம். சித்தியார் குற்றமற்ற காட்சியை ஐயமும் திரிபும் நீங்கியதாக வரையறுப்பதால், அறிக்கையில் ஐயத்தை ஐயமென்றே எழுதும் வைத்தியர் அவ்விலக்கணத்துக்கு மாறானவர் அல்லர். ஐயத்தைத் துணிபாக எழுதுபவரே மாறானவர். அந்த ஐயம் சாயமேற்றி எடுக்கும் நாளப்படத்தில் பெரும்பாலும் தீரும். அதுவரை மருந்தைத் தொடங்குவதா என்பதை முதற்படத்தைவிடத் தாயின் அறிகுறிகளே பெரிதும் தீர்மானிக்கின்றன.