கேட்காமல் எடுத்த படம்

ஒரு கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஒருவரைப் படமெடுக்கக் கேமராவைத் தூக்குகிறீர்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் உடனே இறக்கிவிடுவீர்கள். யாரும் சொல்லித்தர வேண்டாம். 'அவருக்குப் பிடிக்கலை' என்று புரிந்துவிடும். அதே நீங்கள் ஒரு ஏரிக்கரையில் நிற்கிறீர்கள். மேய்ந்துகொண்டிருந்த கொக்கு சட்டென்று நிறுத்தி, கழுத்தை நீட்டி உங்களையே பார்க்கிறது. என்ன செய்வீர்கள்? 'ஆஹா, போஸ் கொடுக்குதுப்பா!' என்று இன்னும் நாலடி முன்னே போவீர்கள்.

ஒரு பறவையிடம் அனுமதி வாங்கிப் படமெடுக்க முடியுமா? கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதனால் 'சரி' என்று சொல்ல முடியாது. ஆனால், 'வேண்டாம்' என்று நன்றாகவே சொல்லும். இரை தேடுவதை நிறுத்தும். இறகு கோதுவதை நிறுத்தும். தலை நிமிரும், உடம்பு குறுகும். அடுத்தது பறப்பதுதான். பல வருஷமாகப் பறவை பார்ப்பவர்கள், தலை நிமிர்ந்த உடனேயே ரெண்டடி பின்னால் போய்விடுவார்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை அவர்கள் பறவையிடமே விட்டுவிடுகிறார்கள்.

"ஒரு போட்டோதானே சார், பறவைக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார் நண்பர் ஒருவர். நான் பி.காம். படித்தவன். நஷ்டம் என்று யாராவது சொன்னால் கை தானாகக் கணக்கு நோட்டைத் தேடும்.

ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். ரோலுக்குக் காசு, கழுவக் காசு, பிரின்ட்டுக்குக் காசு. அதனால் ஒரு படத்துக்கு ஒன்பது முறை யோசித்தோம். இன்று காலை எட்டு மணிக்குள் ஆயிரம் கிளிக் அடித்தாலும் நமக்குப் பைசா செலவில்லை. வியாபாரத்தில் செலவு மாயமாக மறைந்துவிட்டால், அது வேறு யாரோ ஒருத்தர் தலையில் எழுதப்பட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இங்கே அந்த யாரோ ஒருத்தர், பறவை. நீங்கள் நெருங்கியதால் தாய் எழுந்து போகிறது. ரோமம்கூட முளைக்காத குஞ்சு வெயிலில் கிடக்கிறது. பக்கத்து மரத்தில் காக்கா இதற்காகவே காத்திருக்கிறது. நீங்கள் ஒருத்தர், அஞ்சு நிமிஷம், சரி. ஞாயிற்றுக்கிழமை வருகிற அத்தனை பேரும் ஆளுக்கு அஞ்சு நிமிஷம் என்றால்?

இன்னொரு வித்தை உண்டு. செல்போனில் பறவைக் குரலைப் போட்டுவிடுவது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து இல்லாத எதிரியோடு சண்டை போடும் அது. நமக்கு அருமையான குளோஸ்-அப். ஏமாற்றி வாங்கிய கையெழுத்து மாதிரி!

இது வெறும் மென்மனசு சமாசாரம் இல்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்றால் என்ன என்று விளக்கும்போது, கொல்வதோடும் பிடிப்பதோடும் நிறுத்தவில்லை. இரை வைத்து வரவழைப்பதும் வேட்டை. பறவையின் முட்டையை, கூட்டைத் தொந்தரவு செய்வதும் வேட்டை. கூடு தெளிவாகத் தெரியட்டுமே என்று கிளையை ஒதுக்குகிற கை துப்பாக்கி பிடித்ததில்லைதான். சட்டம் அதைப் பார்க்கவில்லை.

அதற்காகக் கேமராவைப் பரண்மேல் போடச் சொல்கிறீர்களா என்றால், இல்லை. மா.கிருஷ்ணன் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுக்காமல் இருந்திருந்தால் நம் காடுகளைப் பற்றி நமக்குக் கொஞ்சம் குறைவாகவே தெரிந்திருக்கும். ஒரு சதுப்பு நிலத்தில் குப்பை கொட்டாதே என்று சண்டை போடுவதற்கும், அங்கே என்னென்ன பறவை வந்தது என்று காட்டப் படம் வேண்டும். எடுக்கலாம். பதிலுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

வேடந்தாங்கல்காரர்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுவிட்டார்கள். பறவைகளைச் சிலர் சுடுவதைப் பொறுக்காமல் அவர்கள் முறையிட, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரிப் பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக்கொடுத்தார். எல்லாம் கருணை என்று நினைக்காதீர்கள். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் போடுகிற எச்சம் ஏரித் தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகப் போனது. ஊர் வாங்கியது உரம், கொடுத்தது அமைதி. எனக்கு இது கருணையைவிட மரியாதையான ஏற்பாடாகப் படுகிறது. எதிரில் இருப்பதும் ஒரு கட்சிக்காரர் என்று ஒப்புக்கொண்டால்தானே கொடுக்கல் வாங்கல் நடக்கும்?

ஏரிப் பறவைக்காவது பிடிக்கவில்லையென்றால் பறந்துபோக வழி இருக்கிறது. வண்டலூர் புலிக்கு?

அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கூண்டு மிருகம்தானே, அதற்கென்ன கூச்சம் என்று நாம் தலைகீழாக நினைக்கிறோம். போக இடமில்லாதவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை யாரும் கேட்காமல் படம் எடுப்பதில்லையே. மிருகக்காட்சி சாலையில் சத்தம் போட்டு விலங்கைத் தொந்தரவு செய்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. இருந்தாலும் பாருங்கள், தூங்குகிற புலியைப் பார்த்ததும் நம்மவர்களுக்குக் கோபம் வரும். "டிக்கெட் வாங்கிட்டுதானே வந்திருக்கோம்?" வாங்கினீர்கள் சார். உள்ளே நடக்க, பார்க்க. அது முகத்தைக் காட்டும் என்று டிக்கெட்டில் எந்த மூலையிலும் அச்சடிக்கவில்லை.

அகழிக்கு அந்தப்பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது புலி. இந்தப்பக்கம் கைதட்டல், விசில், 'ஏய்... ஏய்... இங்க பாரு!' காது மட்டும் ஒருமுறை அசைகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. "ச்சே, வேஸ்ட்டுப்பா" என்று கூட்டம் அடுத்த கூண்டுக்குப் போகிறது.