நடுக் கட்டம்

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில், படப்பை தாண்டி ஒரகடத்துக்கு முன்னால் வருகிறது சேரப்பணஞ்சேரி. அங்கே ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தபோது ஒரு பொய் எழுதினேன். அது பொய்தானா என்பதில் எனக்கு இன்னமும் வழக்கு தீரவில்லை.

ஹைட்ராலிக் சிலிண்டர் ஜாப். 50 மில்லிமீட்டர் விட்டம், 300 மில்லிமீட்டர் நீளம், இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும் துளை. டிராயிங்கில் 50 எச்7 என்று இருக்கும். அதாவது 50.000-க்குக் கீழே போகக்கூடாது, 50.025-ஐத் தாண்டக்கூடாது. 25 மைக்ரான்.

போரிங் பார் ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டு. அதன் விட்டத்தைப்போல நாலு மடங்கு நீட்டும்வரை சொன்னபடி கேட்கும். அதற்கு மேல் போனால் அதிரும், துளைக்குள் அலை அலையாய்த் தடம் விழும். எங்கள் 40 மில்லிமீட்டர் பாரை 160 வரைதான் நம்பலாம். அதனால் பாதியை இந்தப் பக்கத்திலிருந்தும், ஜாபைத் திருப்பிப் போட்டு மீதியை அந்தப் பக்கத்திலிருந்தும் வெட்டி, கடைசியில் ஹோனிங் செய்வோம். ஜான் வில்கின்சன் 1775-லேயே தண்டைச் சிலிண்டருக்குள் முழுக்க ஓடவிட்டு இரண்டு முனையிலும் தாங்கிப் பிடித்தார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினுக்கு ஒழுங்கான சிலிண்டர் கிடைத்தது அப்படித்தான். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு வெட்டும் சந்திக்கிற நடுவில்தான் பிசகு ஒளிந்திருக்கும்.

அளக்கச் சிரமமான இடமும் அதுதான். வாய்ப்பக்கம் போர் கேஜை விட்டு ஆட்டினால் டயல் முள் சொல்லிவிடும். நடுவுக்கு நீளத் தண்டு மாட்டணும், செட்டிங் ரிங்கில் மறுபடி ஜீரோ வைக்கணும். ஜாப் ஆறவும் வேண்டும். பத்து டிகிரி சூடு கூடுதலாக இருந்தால் அந்தத் துளை ஆறு மைக்ரான் அளவுக்கு விரிந்து நிற்கும்.

மே மாதம், தகரக் கூரை, ராத்திரி ஷிப்ட். வாசலில் லாரி. 40 ஜாபிலும் இரண்டு முனைகளை அளந்தேன். நடுக் கட்டத்தில் இரண்டுக்கும் சராசரியை எழுதினேன். பிசிறு எடுக்காத ஆறு மட்டும் தங்கிவிட, 34 கிளம்பிப் போயிற்று.

காலையில் குவாலிட்டி அண்ணன் வந்தார். நீளத் தண்டு பெட்டிக்குள் எண்ணெய்க் காகிதம் பிரிக்காமல் கிடந்ததைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஆறையும் அளந்தார். என் எண்களிலிருந்து இரண்டு மூன்று மைக்ரான் வித்தியாசம், அவ்வளவுதான்.

"பாத்தீங்களாண்ணே, சரியாத்தான இருக்கு?"

"போர் சரியா இருக்கு தம்பி. நீ எழுதினதுதான் தப்பு."

அன்றைக்கு இது வீம்பாகப் பட்டது. பிறகு மணிமேகலை வாசிக்கையில், 27-ஆம் காதையில் அளவைகள் பற்றி வரும் இடத்தில் நின்றுவிட்டேன். அறிவு எந்த வழியாக வந்தது என்பதற்குத் தமிழில் 'அளவை' என்று பேர். காண்டல் ஓர் அளவை, கருதல் இன்னொன்று. நான் கருதியதைக் கண்டதாக எழுதியிருந்தேன். எண்ணில் குற்றமில்லை. 'நான் பார்த்தேன்' என்று அந்தக் கட்டம் என் சார்பில் சொன்னதே, அதில்தான் குற்றம். பெரிய கம்பெனிகளில் எல்லாவற்றையுமா அளக்கிறார்கள்? மாதிரிக்குச் சிலதை அளந்து மீதியை ஊகிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஊகம் என்று சொல்லிவிட்டு ஊகிக்கிறார்கள்.

இன்னொன்றும் உறுத்தியது. அந்த 34-ல் ஒன்று பிசகி, சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகியிருந்தால் நான் குற்றவாளி. ஒழுகவில்லை என்றால் கெட்டிக்காரனா? ராத்திரி என் கை செய்தது இரண்டிலும் ஒரே காரியம்.

அண்ணன் கட்சியும் எனக்கு முழுக்க ஒப்பவில்லை. லாரி காலியாகத் திரும்பினால் முதலாளிக்கு அபராதம், எங்களுக்குச் சம்பளம் தள்ளும். உண்மையை எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது, எண்ணுக்கு மட்டும்தான் கட்டம்.

அடுத்த லாட்டில் நேரம் போதாமல் போனபோது 11 ஜாபுக்கு நடுக் கட்டத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே போன். முதலாளி எல்லார் முன்னாலும் திட்டினார். 11-ம் திரும்பி வந்தன. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அளந்தேன். பத்து சரி. ஒன்றில் நடுவில் 50.027.

முதலில் போன அந்த 34 பற்றி இன்றுவரை யாரும் போன் செய்யவில்லை.