மறைப்பதும் அருளா?

சைவ சித்தாந்தம் இறைவனுக்குச் சொல்லும் ஐந்து தொழில்களில் நான்கைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. படைக்கிறான், காக்கிறான், அழிக்கிறான், அருள்கிறான். மறைத்தல் என்று சொன்னதும்தான் வகுப்பில் கை உயரும். அருளே வடிவானவன் எதற்காகத் தன்னை உயிரிடமிருந்து மறைத்துக்கொள்ள வேண்டும்?

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நடத்தும் ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் சொல்லும் விடை நூல்கள் சொல்லும் விடைதான்: மறைப்பதும் அருளே. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் முழு ஒளியை எடுத்த எடுப்பில் தாங்காது. வினையை நுகர்ந்து நுகர்ந்து உயிரைப் பற்றிய அழுக்கான மலம் பக்குவப்படும் வரை, இறைவனின் மறைக்கும் ஆற்றலான திரோதான சக்தி உலகத்தைக் காட்டித் தன்னை மறைத்து நிற்கிறது. மலத்தோடு சேர்ந்து வேலை செய்வதால் அதையும் மலங்களில் ஒன்றாக எண்ணிவிட்டார்கள். உண்மை விளக்கம் என்ற நூல் கூத்தனின் ஊன்றிய திருவடியில் மறைத்தலையும், தூக்கிய திருவடியில் முத்தியையும் வைக்கிறது. ஒரு கால் ஊன்றாமல் மற்றொரு கால் எப்படித் தூக்கும் என்று ஐயா கேட்பார். அழகான விடை. ஆனால் என் வேலையில் மறைக்கும் பொறுப்பு என் கையிலேயே இருப்பதால், அந்த விடையை அப்படியே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை.

நான் பார்ப்பது நெட்வொர்க் வேலை. ஒரு கணினி இன்னொரு கணினிக்கு மட்டும் அனுப்புவது ஒரு வகை. எல்லோருக்கும் இரைந்து சொல்வது இன்னொரு வகை. இரண்டுக்கும் நடுவில் மல்டிகாஸ்ட் என்று ஒன்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஸ்டீவ் டீரிங் 1989-இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 1112 அதற்கு அடித்தளம். அனுப்புகிறவர் ஒரு குழு முகவரிக்கு ஒரே ஒரு முறை அனுப்பினால் போதும். வேண்டியவர்கள் அந்தக் குழுவில் சேர்ந்துகொள்வார்கள். யார் கேட்கிறார்கள் என்று அனுப்புகிறவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. 224-இல் தொடங்கி 239 வரை போகும் முகவரிகள் முழுக்க இதற்காகவே ஒதுக்கப்பட்டவை. இவ்வளவு பெருந்தன்மையான ஏற்பாடு நெட்வொர்க்கில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

பெருந்தன்மைக்கு ஆபத்தும் உண்டு. யாருக்கு வேண்டும் என்று தெரியாத ஸ்விட்ச், வந்ததை நகலெடுத்து எல்லா போர்ட்டிலும் தள்ளும். ஈதர்நெட் சட்டகத்துக்கு ஆயுள் கணக்கும் கிடையாது. ஐபி பாக்கெட் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதன் ஆயுளில் ஒன்று குறையும்; ஸ்விட்ச்சுகளுக்கு நடுவே எதுவும் குறையாது. யாரோ ஒருவர் சும்மா தொங்கிய கேபிளின் இரண்டு முனைகளையும் சுவரிலுள்ள போர்ட்டுகளில் செருகினால் போதும். உள்ளே போன செய்தி சுற்றும், சுற்றும்போதே பெருகும். சில நொடிகளில் வளாகம் முழுதும் மூச்சு முட்டி நிற்கும்.

அதற்குத்தான் ஸ்டார்ம் கன்ட்ரோல். போர்ட்டுக்குள் ஒரு நொடியில் எவ்வளவு மல்டிகாஸ்ட் வந்தது என்று ஸ்விட்ச் அளக்கிறது. நாம் வைத்த வரம்பைத் தாண்டினால், அளவு மறுபடி இறங்கும் வரை வருவதையெல்லாம் கீழே போடுகிறது. லூப்பைக் கண்டுபிடிக்கும் ஸ்பேனிங் ட்ரீ செய்திகள் போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் வழி விடும். மற்றவற்றில் எது முக்கியம், எது குப்பை என்று பல ஸ்விட்ச்சுகளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இதன் விளைவை ஒரு கல்லூரி வளாகத்தில் கண்ணால் பார்த்தேன். அங்கே பாட வகுப்புகளை மல்டிகாஸ்டில் ஒளிபரப்பினார்கள். ஒரு ஒளிபரப்புக்கு 6 மெகாபிட். ஒரு மாடியின் ஸ்விட்ச்சில் 1 கிகாபிட் போர்ட்டுக்கு 1 சதவீதம், அதாவது 10 மெகாபிட், வரம்பு போட்டிருந்தது. ஒரு வகுப்பு ஓடும் வரை ஒன்றும் ஆகாது. இரண்டாவது வகுப்பு தொடங்கினால் 12 ஆகிவிடும். இரண்டு படமும் உறைந்துவிடும். அது எதிர்பார்க்கக்கூடியதுதான். அதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை உட்கார வைத்தது. அந்த வழியாகவே ரவுட்டர்கள் 10 நொடிக்கு ஒருமுறை 224.0.0.5 என்ற குழு முகவரியில் 'நான் இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. அந்தக் குரலும் வெட்டுப்பட்டது. 40 நொடி கேட்காவிட்டால் பக்கத்து ரவுட்டர் இறந்துவிட்டதாக முடிவு. பதிவேட்டில் 'டெட் டைமர் எக்ஸ்பயர்ட்' என்ற வரி விழும். பாடமே பார்க்காத அலுவலகத்துக்கும் இணைப்பு போய்விடும்.

இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மூன்றாவது ஒன்று நடக்கும். மேலே உள்ள ரவுட்டர் 125 நொடிக்கு ஒருமுறை 'இந்த ஒளிபரப்பு இன்னும் யாருக்காவது வேண்டுமா?' என்று கேட்கும். அந்தக் கேள்வியும் மல்டிகாஸ்டில்தான் வர வேண்டும். வரம்பு அதையும் கீழே போட்டது. கேள்வி போய்ச் சேரவில்லை, ஆகவே பதிலும் இல்லை. 260 நொடி பார்த்துவிட்டு, 'யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது' என்று ரவுட்டர் ஒளிபரப்பை நிறுத்திக்கொள்ளும். வகுப்பறையில் அறுபது பிள்ளைகள் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு ஐயாவிடம் இதை விளக்கிச் சொல்லிவிட்டுக் கேட்டேன். "ஐயா, இந்த மறைத்தலையும் அருள்னு சொல்லலாமா?"

"நீங்க அளவைப் பார்த்து அடைக்கிறீங்கம்மா. அவன் பக்குவத்தைப் பார்த்து மறைக்கிறான்" என்றார்.

அதை நான் மறுக்கவில்லை. அருள் உயிரில் பதிவதை, அதாவது சத்திநிபாதத்தை, மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காக வகுத்த மரபு இது. ஒவ்வொரு உயிருக்கும் அதனதன் தகுதிக்கேற்ற அளவு. எல்லோர் தலையிலும் ஒரே ஒரு சதவீதத்தைக் கட்டும் வேலை அங்கே இல்லை. ஆனால் என் சங்கடம் வாங்கிக்கொள்கிறவர் பக்கத்தில் இருந்தது. உறைந்த திரைக்கு முன்னால் இருப்பவருக்கு, தனக்கு வராமல் போனது தன் நன்மைக்காகவா அல்லது யாரோ போட்ட ஒரு எண்ணுக்காகவா என்று எப்படித் தெரியும்? உள்ளிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

"உயிர் சிற்றறிவுடையது. அதுக்குத் தெரியாது. அதனாலதான் நம்பணும்" என்றார் ஐயா. இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

என் பெரியம்மாவுக்கு நோய் வந்தபோது அதன் பெயரை அவரிடம் சொல்வதில்லை என்று அண்ணன்மார் முடிவு செய்தார்கள். அன்பினால்தான். தாங்க மாட்டார் என்றார்கள். அவர் கூடத்துக்கு வந்தால் பேச்சு நிற்கும். மருத்துவ அறிக்கை பீரோவுக்குள் போகும். கொஞ்ச நாள் கழித்து மூத்த அண்ணன் சொன்னார்: "அவங்களும் ஒண்ணும் கேக்கல பாரு. தெரிஞ்சுக்க விரும்பலன்னுதானே அர்த்தம்." கேட்பதற்கு அந்த வீட்டில் யார் அவருக்கு இடம் கொடுத்தார்கள்? கேள்வியை வெட்டிவிட்டு, பதில் வரவில்லை என்பதையே அவருடைய விருப்பமாகக் கொண்டுவிட்டார்கள். அண்ணன்மாரின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்கள் செய்ததற்கு அருள் என்று பெயர் வைக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை.

சித்தாந்தத்தில் இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவை ஒன்றாய், வேறாய், உடனாய் என்று மூன்றாகச் சொல்வார்கள். மறைத்தலை அருளாக்குவது அந்த 'உடனாய்' என்று நான் படிக்கிறேன். மறைக்கிறவன் எங்கோ வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பவன் அல்லன். மறைக்கப்பட்ட உயிரோடு கூடவே, அது படுவதெல்லாம் அறிந்து நிற்கிறான். மலம் எந்த நொடியில் பக்குவப்பட்டது என்று அவனுக்குக் கேட்டுத் தெரிய வேண்டியதில்லை. மனிதர்க்கு அந்த அறிவு இல்லை. ஆகவே 'மறைப்பதும் அருளே' என்ற வாக்கியத்தை இறைவனைத் தவிர வேறு யாருக்கும் இரவல் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெற்றோர்க்கும் கூடாது, அலுவலகத்துக்கும் கூடாது, அரசுக்கும் கூடாது, வரம்பு போடும் எனக்கும் கூடாது. நாம் மறைக்க நேரும். சில சமயம் மறைத்தே ஆக வேண்டும். அப்போது அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்போம். பாதுகாப்பு என்றால் யாரைக் காக்க, எவ்வளவு நாளைக்கு, இதனால் யாருக்கு என்ன போகிறது என்று கேட்கலாம். அருள் என்றால் யார் கேட்பது?

அந்தக் கல்லூரியில் வரம்பை எடுத்துவிடவில்லை. கேபிளின் இரண்டு முனைகளையும் செருகுகிறவர் நாளைக்கும் வருவார். ரவுட்டர்களின் பேச்சுக்குத் தனி வழி கொடுத்தோம். ஒளிபரப்புகள் எத்தனை ஓடும் என்று துறைத்தலைவர்களைக் கேட்டு அதற்கு மேல் இடம் விட்டு வரம்பை உயர்த்தினோம். கீழே விழுந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை தினமும் என் மேசைக்கு வருகிறது. பூச்சியமாக இல்லாத நாளில் அந்த மாடிக்குப் போய் என்ன நின்றது என்று கேட்கிறேன்.

ஐயா இதை முழுதாக ஏற்கவில்லை. "குருவும் மனுஷர்தானேம்மா? மாணாக்கனுக்கு அளந்துதானே கொடுக்கிறார்? அது அருள் இல்லையா?" என்கிறார். கொடுக்கிறார்தான். ஆனால் திருவருட்பயன் நூலில் இருள்மலநிலை அதிகாரத்தை நடத்தியபோது, பின்வரிசையில் ஒரு அம்மாள் "விளங்கலைங்க ஐயா" என்று சொன்னதும், இவரே அடுத்த அதிகாரத்துக்குப் போகாமல் அந்தப் பத்துக் குறளையும் முதலிலிருந்து எடுத்தார். அதை நினைவூட்டினேன். இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் பேசலாம் என்றிருக்கிறார்.