மணிக்குக் கொடுத்த மூன்று டாலர்

(அறுப்பின் பண்டிகை ஆராதனையில் அளித்த தேவசெய்தியின் எழுத்து வடிவம்)

மத்தேயு முதல் அதிகாரம் வாசித்தால் சபையில் பாதிப் பேர் கைவிசிறியைத் தேடுகிறீர்கள். பெயர்ப் பட்டியல்தானே என்று நினைப்பு. அந்தப் பட்டியலில் ராகாப் இருக்கிறாள், ரூத் இருக்கிறாள், உரியாவின் மனைவி இருக்கிறாள். ஆண்டவர் எதையும் மறைக்காமல் எழுதவைத்தார். அதனால்தான் இன்றைக்கு ஒரு விவசாயியின் வம்ச வரலாற்றைச் சொல்லப்போகிறேன். பின்வரிசைத் தம்பிமாரே, தேங்காய் ஏலம் இன்னும் தொடங்கவில்லை, இந்தப் பக்கம் பாருங்கள்.

சார்லஸ் இங்கல்ஸ். 1836இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். 1860இல் கரோலினைக் கட்டினார். மேரி, லாரா, கேரி, கிரேஸ் என்று நான்கு பெண்கள். நடுவில் ஒரே ஒரு மகன், ஃபிரெடி. அவன் பத்து மாதம் நிறையுமுன்னே போய்விட்டான். நமக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இவர் காங்கிரிகேஷனல் சபைக்காரர். 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனில் பெரும்பாலோர் அதே சபையார்தான். பெரியவர்களுக்குத் தெரியும். ஆக, தூரத்து உறவு.

நல்லதை மட்டும் சொன்னால் நான் மத்தேயுவை வாசிக்காதவன். 1869இல் இந்தக் குடும்பம் கான்சாஸில் போய் வீடு கட்டியது. அந்த நிலம் ஓசேஜ் மக்களுடையது; குடியேறுவதற்குத் திறக்கப்படவில்லை. கேரி பிறந்தது அங்கேதான். 1871இல் இவர்கள் திரும்பிவிட்டார்கள். ஓசேஜ் மக்களோ இன்றைய ஓக்லஹோமாவுக்குத் தள்ளப்பட்டார்கள். நாபோத்தின் திராட்சத்தோட்டம் யாருடையது? சத்தமாகச் சொல்லுங்கள். சார்லஸ் நல்ல தகப்பன், நல்ல விசுவாசி. ஆனாலும் அது நாபோத்தின் தோட்டம்தான். வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்டவர் யாராவது இங்கே இருந்தால், வீட்டுக்குப் போய் நாபோத்தின் கதையை எடுத்து வாசியுங்கள்.

இப்போது ஆலய மணிக்கு வருகிறேன். 1874இல் மினசோட்டாவில் வால்நட் குரோவ். ஓடைக்கரையில் மண்ணைக் குடைந்த வீடு; கூரைமேல் புல். அந்த ஊரில் போதகர் ஆல்டன் ஆலயம் எழுப்புகிறார். சார்லஸ் தொடக்கத்திலேயே அங்கத்தினர். மகள் லாரா பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: அப்பாவின் பூட்ஸ் கிழிந்துபோயிருந்தது. புதியது வாங்க மூன்று டாலர் கையில் இருந்தது. ஆலய மணிக்குப் பணம் குறைகிறது என்று கேள்விப்பட்டார். கொடுத்துவிட்டார்.

கவனியுங்கள், எப்போது கொடுத்தார்? அறுவடைக்கு முன்னால். கோதுமை வந்ததும் கட்டிவிடலாம் என்று கடனுக்குப் பலகை வாங்கி, கண்ணாடி ஜன்னல் வைத்து வீடும் கட்டியிருந்தார். கடன் தலைக்குமேல், கால் தரையில். அப்போது கொடுத்தார்.

பிறகுதான் வெட்டுக்கிளி. சூரியனை மறைத்துக்கொண்டு மேகம்போல இறங்கியது. கோதுமை போயிற்று, புல் போயிற்று. போகிற போக்கில் மண்ணுக்குள் முட்டையும் இட்டுவிட்டதால், அடுத்த வருஷமும் போயிற்று. யோவேல் தீர்க்கன் கண்டதை இவர் வாசலில் நின்று கண்டார். ரயிலுக்குக் காசில்லை, கிழக்கே விளைச்சல் தப்பிய பக்கமாகக் கூலிக்கு அறுக்க நடந்தே போனார். எந்தப் பூட்ஸில்? அதே கிழிந்த பூட்ஸில். அந்த மூன்று டாலரை நினைத்து அப்பா புலம்பினார் என்று மகள் ஒரு வரி எழுதவில்லை.

நாம்? நமக்கு விளைந்த பிறகும் கணக்கு. போன பண்டிகையில் ஒரு சேவலுக்கு எத்தனை போட்டி! கை உயர உயர விலை உயர்ந்தது, எல்லாரும் கைதட்டினோம். அந்தப் பணம் வந்ததா? செயலாளர் ஐயா தலையைக் குனிகிறார். சேவலைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாயிற்று, ஏலப் பாக்கி நிற்கிறது! கோபத்தில் சொல்லவில்லை, என் பிள்ளைகள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சார்லஸ் கொடுத்ததால் ஆசீர்வாதம் கொட்டியதா? இல்லை. 1879இல் மூத்தவள் மேரிக்குக் கண் பார்வை போயிற்று. டகோட்டாவில் டி ஸ்மெட்டுக்குப் போனார்கள். அரசாங்கம் கொடுத்த 160 ஏக்கர், ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் சொந்தம். 1880 குளிர்காலத்தில் பனியில் ரயில் நின்றது. விறகில்லாமல் வைக்கோலை முறுக்கி எரித்தார்கள். காப்பிக்கொட்டை அரைக்கும் மில்லில் கோதுமையைப் போட்டுச் சுற்றி அரைத்து ரொட்டி சுட்டார்கள். அம்மாமாரே, அந்தச் சின்ன மில்லைக் கையில் பிடித்து ஒரு குடும்பத்துக்கு மாவு அரைத்துப் பாருங்கள், தெரியும். அந்த ஊரிலும் சபையைத் தொடங்கியவர்களில் சார்லஸ் ஒருவர். மேரியை அயோவாவில் பார்வையற்றோர் கல்லூரிக்கு அனுப்பினார்கள். தங்கை லாரா சிறு வயதிலேயே பள்ளி ஆசிரியையாகி அக்காவுக்கு உதவினாள். 1889இல் மேரி படிப்பை முடித்தாள்.

பிற்காலத்தில் சார்லஸ் ஊருக்குள் வந்தார், நிலத்தையும் விற்றார். 1902இல் இறந்தார். அந்த வெட்டுக்கிளி இனம் கடைசியாக உயிரோடு காணப்பட்டதும் அதே 1902இல்தான். இன்றைக்குப் பூமியில் ஒன்றுகூட இல்லை. இவருக்கும் வம்சம் இல்லை. மேரிக்குக் கல்யாணம் இல்லை, கேரிக்கும் கிரேஸுக்கும் வயிற்றுப் பிள்ளை இல்லை, லாராவின் ஒரே மகள் ரோஸுக்கும் வாரிசு தங்கவில்லை. ஏக்கரும் கைமாறியது. பிள்ளைக்குச் சேர்க்கிறேன், பேரனுக்குச் சேர்க்கிறேன் என்று காணிக்கைப் பைக்குள் வெறுங்கையை விடுகிறவர்களே, கேட்டீர்களா? கொடுத்தது மட்டும்தான் அவர் கணக்கில் நிற்கிறது.

ஜெபம் பண்ணிவிட்டு முதலில் செயலாளர் மேஜைக்குப் போங்கள்; பூசணிக்காய் பக்கம் அப்புறம் போகலாம். எழுந்து நிற்போம்.